இல்லமும் உலகமும்: கூடாரத்தில் பதினாறு நாள்

தாயகம் விட்டு வெளிமாநிலங்களில் குடியேறி வாழும் நம் போன்றோர்க்குப் பயணம் என்றால் பெரும்பாலும் ஒரே பொருள்தான்: ஆண்டுக்கொரு முறை, பள்ளி விடுமுறையில், ஊருக்குப் போய் வருதல். குலதெய்வக் கோயில், உறவினர் வீட்டுத் திருமணம், பங்காளிகளோடு பேசித் தீர்க்க வேண்டிய நிலத் தகராறு ஆகியவற்றுக்கே அந்நாட்கள் சரியாகிவிடும். அதற்கு அப்பால் அயல்நாடு ஒன்றைக் காணும் விருப்பம் எழுந்தால், சுற்றுலா நிறுவனத்தாரிடம் பணத்தைக் கட்டிவிட்டு, கொடி பிடித்து முன்செல்லும் வழிகாட்டியைப் பின்தொடர்ந்து, பத்து நாளில் ஐந்து நகரங்களைக் கண்டு திரும்புவது வழக்கமாகிவிட்டது. அதில் குறை சொல்வதற்கில்லை. ஆயினும், ஒரு குடும்பம் தன் வண்டியைத் தானே ஓட்டி, தன் உணவைத் தானே சமைத்து, தன் உறைவிடத்தைத் தானே அமைத்து ஓர் அயல்நாட்டில் வாழ்ந்து பார்க்கும் வேறொரு முறையும் உண்டு. அதுவே கூடாரப் பயணம். இத்திங்கள் அதுபற்றி எழுத விழைகிறேன்.

சென்ற மார்கழியில் எங்கள் குடும்பத்தார் ஐவர் நியூசிலாந்து நாட்டின் தென் தீவில் பதினாறு நாட்கள் இவ்வாறு பயணம் செய்தோம். யானும் என் மனைவியும், பதினான்கு வயது மகனும், ஒன்பது வயது மகளும், எழுபத்தொரு வயது நிரம்பிய என் தாயாரும் அவ்வைவர். தாயாரை அழைத்துச் செல்வது அறிவுடைமைதானா என்று நண்பர் பலரும் கேட்டனர். அக்கேள்விக்கு விடை கூறுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏன் நியூசிலாந்து?

கூடாரம் கட்டி வாழ்வதற்கு நாடுகள் பல உள. நாங்கள் நியூசிலாந்தைத் தேர்ந்தமைக்குக் காரணங்கள் எளியவை. அங்கே நம் நாட்டைப் போலவே சாலையின் இடப்புறம் வண்டி செலுத்துகிறார்கள். ஆங்கிலத்தில் அச்சிட்ட நம் ஓட்டுநர் உரிமத்தை வருகையாளர்களிடமிருந்து ஏற்கிறார்கள். கொடிய விலங்குகளோ பாம்புகளோ அந்நிலத்தில் இல்லை. ஆகவே கூடாரத்தின் துணிச் சுவருக்கு அப்பால் என்ன நடமாடுமோ என்ற அச்சமின்றிக் குழந்தைகள் உறங்கலாம். மேலும், நமக்கு மார்கழிக் குளிராக இருக்கும் காலம் அவர்களுக்குக் கோடை. இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் மங்குவதில்லை.

தென் தீவின் பரப்பு ஏறத்தாழ 1,50,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைவிடச் சற்றுப் பெரிது. மக்கள் தொகையோ 12 இலட்சத்தைச் சற்றே கடக்கும். நம் நாட்டுப் பெருநகர் ஒன்றின் சில வட்டாரங்களில் அடங்கிவிடக்கூடிய மக்கள், தமிழகத்தினும் பெரிய நிலத்தில் பரந்து வாழ்கின்றனர் என்றால், அங்கு நிலவும் அமைதியை ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தியர் அங்குச் செல்ல விசா பெறல் வேண்டும். சிங்கப்பூர் முதலிய இடங்களில் விமானம் மாறிச் செல்ல வேண்டும். நாங்கள் கிறைஸ்ட்சர்ச் நகரில் இறங்கி, வாடகைக்கு ஒரு பெரிய மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டோம். இரண்டு கூடாரங்களும் உறங்கு பைகளும் இங்கிருந்தே கொண்டு சென்றவை. அடுப்புக்குரிய எரிவாயுக் குப்பிகளை விமானத்தில் ஏற்றலாகாது. அவற்றை அங்கேதான் வாங்க வேண்டும். அரிசி, பருப்பு, மிளகு, சுக்கு, வெல்லம் யாவும் அந்நகரத்து இந்தியக் கடைகளில் கிடைத்தன.

வாயிலில் கேட்கும் முதற் கேள்வி

விமான நிலையத்தில் அந்நாட்டார் முதலில் கேட்பது, என்ன உணவு கொண்டுவந்தீர், என்ன மண் கொண்டுவந்தீர் என்பதையே. மண் என்றது வேடிக்கையன்று. நம் காலணியின் அடியிலும் கூடாரத்தின் முளைகளிலும் ஒட்டியிருக்கும் மண்ணைத்தான் சொல்கிறார்கள். அத்தீவுகள் ஏறத்தாழ எட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே பெருநிலத்தினின்றும் பிரிந்தவை. வௌவாலன்றித் தரைவாழ் பாலூட்டிகள் அங்கே இயற்கையாக இல்லை. ஆதலின் கிவி முதலிய பறவைகள் பறத்தலையே மறந்து தரையில் கூடு கட்டலாயின. பின்னர் மக்கள் கப்பலில் கொண்டு சேர்த்த எலியும் கீரி போன்ற விலங்குகளும் அப்பறவைகளின் முட்டைகளைத் தின்று பல இனங்களை அழித்துவிட்டன. அந்தப் பட்டறிவின் பயனாக 1993-ஆம் ஆண்டில் உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை இயற்றினார்கள்.

பயணிகள் அறிய வேண்டுவது இதுதான்: பழம், பச்சைக் காய்கறி, விதை, தேன் முதலியவற்றைக் கொண்டு செல்லாதிருத்தல் நலம். கூடாரத்தையும் காலணிகளையும் நன்கு கழுவி உலர்த்திக்கொள்ள வேண்டும். உணவுப் பொருள் எதுவாயினும் அறிக்கையில் மறைக்காமல் எழுதிவிட வேண்டும். எழுதிவிட்டால் அதிகாரி பார்த்து அனுமதிப்பார், அல்லது எடுத்துக்கொள்வார். தண்டம் இல்லை. மறைத்தால் 400 டாலர் தண்டம் உடனே விதிக்கப்படும். எங்கள் கூடாரத்தை ஒரு பெண் அதிகாரி விரித்துப் பார்த்தார், முளைகளை ஒவ்வொன்றாக எடுத்து நோக்கினார், நன்றி கூறித் திருப்பித் தந்தார். அருகில் நின்ற என் தாயார், "கோயிலுக்குள்ள போறதுக்கு முன்னால கால் கழுவுற மாதிரிதான் இருக்கு" என்றார். அந்த ஒரு சொல்லில் அச்சட்டத்தின் பொருளைக் குழந்தைகள் விளங்கிக்கொண்டனர்.

ஆற்றுக்கும் அவ்வாறே ஒரு விதி உண்டு. டிடிமோ என்னும் பாசியினம் 2004-இல் தென் தீவின் ஆறு ஒன்றில் முதன்முதலாகக் காணப்பட்டது. கண்ணுக்குப் புலனாகாத ஒரு துளியிலும் அது பரவும். ஆகவே ஓராற்றில் நனைந்த காலணியையும் துணியையும் பார்த்து, கழுவி, உலர்த்திய பின்னரே அடுத்த ஆற்றில் இறங்க வேண்டும் என்று வழிநெடுகப் பலகைகள் கூறுகின்றன.

தங்குமிடங்கள்

அந்நாட்டின் இயற்கைப் பாதுகாப்புத் துறை 1987-இல் தோற்றுவிக்கப்பட்டது. நாடெங்கும் இருநூற்றுக்கு மேற்பட்ட கூடாரத் தலங்களை அத்துறை நடத்தி வருகிறது. பெரும்பாலானவற்றில் ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு கழிப்பிடம், பசும்புல் தரை ஆகிய இவையே வசதிகள். சில இடங்களுக்கு முன்பதிவு வேண்டும். மற்றவற்றில் முதலில் வந்தோர்க்கு முதலிடம். கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி முடிய அந்நாட்டாருக்கும் விடுமுறையாதலால், புகழ்பெற்ற இடங்களுக்குப் பல திங்கள் முன்பே பதிவு செய்தல் இன்றியமையாதது. இவையன்றித் தனியார் நடத்தும் விடுமுறைப் பூங்காக்களும் ஊர்தோறும் உள. அங்கே வெந்நீர்க் குளியலறையும் பொதுச் சமையற்கூடமும் சிறு மரவீடுகளும் கிடைக்கும். மூன்று நாளுக்கொரு முறை அத்தகைய இடத்தில் தங்கித் துணி துவைத்துக்கொண்டோம்.

கண்ட இடத்தில் கூடாரம் அடித்தல் கூடாது. இதற்கென 2011-இல் ஒரு சட்டம் வந்தது. 2023-இல் அதனை மேலும் இறுக்கினர். நகராட்சி நிலங்களில் வண்டியிலேயே உறங்குவோர்க்கு, வண்டிக்குள் நிலையான கழிப்பறையும் அதற்குரிய சான்றும் இருத்தல் வேண்டும். கோடையில் திறந்த வெளியில் தீ மூட்டுவதும் பல இடங்களில் விலக்கப்பட்டுள்ளது. எரிவாயு அடுப்பே துணை.

வண்டி ஓட்டுவோர்க்கு ஒரு சொல். நெடுஞ்சாலையில் வேக வரம்பு மணிக்கு 100 கிலோமீட்டர். ஆனால் சாலைகள் குறுகலானவை, வளைவுகள் மிகுந்தவை. ஒரே வண்டி செல்லத்தக்க பாலங்கள் பல உண்டு. பலகையில் சிறிய சிவப்பு அம்பு நம் திசையைக் காட்டினால், நாம் நின்று எதிரே வருவோர்க்கு வழிவிட வேண்டும். பின்னால் வண்டிகள் வரிசையாகச் சேர்ந்துவிட்டால் ஓரம் ஒதுங்கி அவற்றை முன்னே போகவிடுவது அங்குள்ளோர் பண்பு. நாளொன்றுக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை என்று நாங்கள் வரையறுத்துக்கொண்டோம்.

களத்தில் உறங்கியவர்

என் தாயார் தென்காசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்தவர். தந்தையார் மறைந்தபின் ஆறாண்டுகளாகத் தில்லியில் எங்களோடு இருக்கிறார். நான்காவது மாடியில் வீடு. அண்டை அயலார் பேசும் இந்தி அவருக்கு வராது. பகலெல்லாம் வீட்டில் தனிமை. சமையலுக்கும் துப்புரவுக்கும் ஆள் வருவதால் கைக்கு வேலையும் இல்லை. ஊரில் நாற்று நட்டு, களை பறித்து, அறுவடைக் காலத்தில் நெற்குவியலுக்குக் காவலாகக் களத்திலேயே படுத்துறங்கிய ஒருவர், இங்கே தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னே அமர்ந்திருக்கிறார். அன்புக்கும் மரியாதைக்கும் குறைவில்லை. ஆனால் அவர் அறிந்த எதுவும் இவ்வீட்டில் எவருக்கும் பயன்படுவதில்லை. மகன் வீட்டிலேயே விருந்தாளி ஆகிவிடுகிறார். இந்நிலை எங்கள் வீட்டில் மட்டுமன்று. இதனைப் படிக்கும் அன்பர் பலர் வீட்டிலும் இருக்கக் கூடும்.

கூடாரத்தில் நிலை மாறியது. அங்கே எங்கள் ஐவருக்கும் அந்த நிலம் ஒன்றுபோல் அயலானது. நான் கற்ற ஆங்கிலம் கடையில் ரொட்டி வாங்க உதவிற்று. மழை வருமா, காற்று எப்பக்கம் திரும்பும், ஈரத் தரையில் எப்படிப் படுப்பது என்பவற்றுக்கு அது உதவவில்லை. தாயாருக்கோ அவை தெரிந்திருந்தன. முதல் நாள் என் மகன் கூடாரத்தின் முளைகளை நேர்குத்தாக அடித்துக்கொண்டிருந்தான். "வெளிப்பக்கமாச் சாய்ச்சு அடிடா கண்ணு. மாடு கட்டுற முளைய எவனாவது நட்டமா அடிப்பானா?" என்று கூறி, சுத்தியலை வாங்கித் தாமே இரண்டு முளைகளை அடித்துக் காட்டினார். மாடு கட்டிய கை முளையின் இலக்கணத்தை மறக்கவில்லை. அன்று முதல் கூடாரம் அமைக்கும் இடத்தைத் தேர்வது பாட்டியின் பொறுப்பு என்று குழந்தைகளே முடிவு செய்துவிட்டனர்.

வேலைகளையும் பகிர்ந்துகொண்டோம். முளையும் கயிறும் மகனுக்கு, காற்றுப் படுக்கை ஊதுவது மகளுக்கு, அடுப்பு என் மனைவிக்கும் எனக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள், பாத்திரம் துலக்குவது அன்று சமைக்காதவருக்கு என ஒழுங்கு வகுத்தோம். வீட்டில் தன் அறையை விட்டு வெளிவர மனமில்லாத மகன், மாலைதோறும் குளிர்ந்த தண்ணீரில் கை சிவக்கப் பாத்திரம் துலக்கினான். செய்யாவிட்டால் அடுத்த வேளைக்குத் தட்டில்லை என்பதைக் கண்ணாரக் கண்டபின் உபதேசத்துக்கு இடமில்லாமற் போயிற்று.

தலைகீழாய் நின்ற திருவாதிரை

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து ஏறத்தாழ 225 கிலோமீட்டர் தொலைவில் டெக்கப்போ ஏரி உள்ளது. பனியாறுகள் அரைத்த பாறைப்பொடி நீரில் கலந்திருப்பதால் அது பாலும் நீலமும் கலந்த நிறத்தில் விளங்குகிறது. அவ்வட்டாரத்தில் 4,300 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பினை இருள்வானக் காப்பகமாக 2012-இல் அறிவித்தனர். தெரு விளக்குகளும் தலை கவிழ்ந்தே எரிகின்றன. வானுக்கு ஒளி போகலாகாது என்பது அவர்கள் கொள்கை.

நள்ளிரவை நெருங்கும் வேளையில் அனைவரும் வெளியே வந்து நின்றோம். தில்லியிலிருந்து ஒருபோதும் காண முடியாத மகெல்லன் மேகங்கள் இரண்டும் தென் வானில் வெண்பஞ்சுத் துணுக்குகளாய்த் தோன்றின. தாயார் அவற்றைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, வடக்கே திரும்பி, தமக்குத் தெரிந்தவற்றைத் தேடலானார். அடிவானத்துக்குச் சற்று மேலே கார்த்திகை மீன்கள் தாழ்ந்து நின்றன. வடகிழக்கில் திருவாதிரை செந்நிறமாய் ஒளிர்ந்தது. ஆனால் நம் ஊரில் அது நிற்கும் முறையில் இல்லை. அந்த விண்மீன் கூட்டமே தலைகீழாகக் கவிழ்ந்திருந்தது. பூமியின் தென்பாதியில் நின்று நோக்குவோர்க்கு அவ்வாறுதான் தெரியும். தாயார் சற்று நேரம் கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "அது சரியாத்தான் நிக்குது. நாமதான் தலைகீழா நிக்கோம்" என்றார். புவியியல் பாடநூல் ஒரு பக்கத்தில் விளக்குவதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அந்நாட்டின் முதற்குடிகளான மாவோரி மக்கள் கார்த்திகை மீன்களை மாத்தாரிக்கி என அழைக்கின்றனர். குளிர்காலத்து விடியலில் அம்மீன்கள் மீண்டும் தோன்றும் பொழுதே அவர்களுக்குப் புத்தாண்டு. 2022 முதல் அந்நாள் அந்நாட்டின் பொது விடுமுறை நாளாகவும் உள்ளது. இதனைப் பெயர்த்துச் சொன்னபோது, "அவுகளுக்கும் கார்த்திகை இருக்கா!" என்று தாயார் பெரிதும் மகிழ்ந்தார்.

மழை இரவு

அடுத்து அவோராக்கி மலையடிவாரத்தில் இரு நாட்கள் தங்கிவிட்டு, தென்மேற்குக் கோடியிலுள்ள மில்ஃபோர்டு கடற்கழியை நோக்கிச் சென்றோம். குழந்தைகள் புறப்பட்ட நாள் முதல் எண்ணியிருந்த இடம் அதுவே. செங்குத்தான மலைகள் கடலிலிருந்தே எழுந்து நிற்கும் அவ்விடம் உலகிலேயே மழை மிகுந்த இடங்களுள் ஒன்று. தே அனாவ் என்னும் ஊரிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் மலைச்சாலை. வழியில் எக்லின்டன் பள்ளத்தாக்கில் ஆற்றங்கரைத் தலம் ஒன்றில் இறங்கினோம்.

ஆற்றை ஒட்டி, பார்க்க அழகான சமதரை ஒன்று இருந்தது. குழந்தைகள் அங்கேதான் வேண்டும் என்றனர். தாயார் குனிந்து புல்லைப் பார்த்தார். "இங்க வேண்டாம்ப்பா. புல்லெல்லாம் ஒரே பக்கமாச் சாய்ஞ்சு கெடக்கு. தண்ணி போன தடம்" என்று கூறி, நூறடி தள்ளி மேட்டுப்பாங்கான, கல் மிகுந்த ஓரிடத்தைக் காட்டினார். குழந்தைகளுக்கு ஏமாற்றம்தான். ஆயினும் பாட்டியின் சொல்லே சட்டமாதலின் அங்கேயே முளையடித்தோம். இரு கூடாரங்களுக்கும் நடுவே ஒரு தார்ப்பாயைக் கூரைபோல் கட்டினோம்.

இரவு பத்து மணிக்குத் தொடங்கிய மழை விடியும் வரை ஓயவில்லை. நள்ளிரவுக்குப் பின் கைவிளக்கின் ஒளியும் குழந்தைகளின் அழுகையும் கேட்டு எழுந்தோம். அந்த அழகான சமதரையில் கூடாரம் அடித்திருந்த அந்நாட்டுக் குடும்பம் ஒன்று, படுக்கையெல்லாம் நீரில் மிதக்க, மூன்று சிறுவர்களோடு செய்வதறியாது நின்றது. அவர்கள் வண்டியும் பொருள்களால் நிறைந்திருந்தது. என் மகன் ஓடிச்சென்று அவர்களை எங்கள் தார்ப்பாயின் கீழே அழைத்து வந்தான். தாயார் எவரையும் கேட்கவில்லை. அடுப்பை மூட்டினார். சுக்கும் மிளகும் தட்டிப் போட்டு, வெல்லம் கரைத்து, ஒரு பெரிய பாத்திரம் நிறையச் சுக்கு நீர் காய்ச்சினார். சிறுவர்களைத் தம் போர்வைக்குள் சேர்த்துக்கொண்டார். அந்த அன்னைக்கும் என் தாயாருக்கும் பொதுவான மொழி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் விடியும்வரை இருவரும் பேசிக்கொண்டே இருந்தனர். ஒருவர் தமிழில், மற்றவர் ஆங்கிலத்தில்.

மனாக்கிதங்கா என்ற சொல் மாவோரி மொழியில் உண்டு. வந்தவரை மதித்துப் பேணும் கடமை என்று அதற்குப் பொருள் சொல்லலாம். நாம் விருந்தோம்பல் என்போம். அன்றிரவு விருந்தினராய் வந்த நாட்டிலேயே எங்கள் வீட்டு மூதாட்டி விருந்தோம்புபவர் ஆனார். ஆறாண்டுகளில் நான் அவர் முகத்தில் காணாத நிமிர்வை அங்கே கண்டேன்.

காணாத இடம்

காலையில் செய்தி வந்தது. மேலே மண்சரிவால் சாலை மூடப்பட்டுவிட்டது. ஒருநாள் காத்திருந்தோம். திறக்கவில்லை. வேறிடங்களில் செய்திருந்த முன்பதிவுகள் காத்திருந்தமையால் மறுநாள் திரும்ப வேண்டியதாயிற்று. மகள் கண் கலங்கினாள். மகன் பேசாமல் இருந்தான்.

அச்சாலையின் வரலாற்றை அன்று அவர்களுக்குச் சொன்னேன். மில்ஃபோர்டுக்குச் செல்ல ஹோமர் சுரங்கம் என்னும் 1.2 கிலோமீட்டர் நீளமுள்ள குகைவழியைக் கடக்க வேண்டும். 1935-இல் உலகப் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், வேலையற்ற மக்களுக்கு வேலை தரும் பொருட்டு அதனைக் குடையத் தொடங்கினர். முதலில் ஐந்து தொழிலாளர் மண்வெட்டியும் கோடரியும் தள்ளுவண்டியுமாக வந்தனர். ஆண்டில் பாதி நாள் நேரான வெயில் படாத அம்மலையடியில் அவர்கள் வாழ்ந்ததும் கூடாரங்களில்தான். பனிச்சரிவில் உயிர் துறந்தோரும் உண்டு. போரினால் இடையில் பணி நின்று, 1954-இல்தான் அவ்வழி போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. நமக்கு ஒரு நாள் தடை. அவர்களுக்கோ கூடாரமே வீடாக ஆண்டுக் கணக்கில் வாழ்க்கை. இதைக் கேட்டபின் மகன், "அவர்கள் கூடாரத்துக்கு இடம் பார்க்கப் பாட்டி இல்லையே" என்றான். அதன்பின் வண்டியில் சிரிப்பு திரும்பிற்று.

பணம் கொடுத்து ஏறிய சுற்றுலாவில் ஓரிடத்தைக் காட்டத் தவறினால் முறையிடலாம். மழையிடம் யார் முறையிடுவது? இயற்கை எவருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை என்பதைப் பிள்ளைகள் ஒருநாள் அறிந்துகொள்ளத்தான் வேண்டும். அதனைப் பெற்றோரின் அருகிலிருந்து அறிந்துகொள்வது நன்று.

பிறகு ஹாஸ்ட் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரையை அடைந்தோம். 1965-இல்தான் முழுமை பெற்ற சாலை அது. அங்கே மணல் ஈக்களின் கடி பொறுக்க முடியாதது. 1773-இல் அவ்வட்டாரத்துக்கு வந்த காப்டன் குக்கும் அவற்றைப் பற்றிக் குறை கூறி எழுதியிருக்கிறார். நீண்ட சட்டையும் பூச்சித் தைலமும் கட்டாயம் வேண்டும். ஆர்தர் கணவாயில் கீயா என்னும் மலைக்கிளிகள் வண்டியின் ரப்பர்ப் பட்டைகளைக் கொத்திப் பிய்ப்பதைக் குழந்தைகள் இன்றும் சொல்லிச் சிரிக்கின்றனர். அக்கிளிகளுக்கு உணவிடலாகாது.

விருந்தினரின் கடமை

அவோராக்கி அந்நாட்டின் மிக உயர்ந்த சிகரம். 3,724 மீட்டர். 1948-இல் அதன் தென்முகட்டின் வழியே ஏறியோருள் ஒருவர் எட்மண்டு ஹிலாரி. பின்னாளில் 1985 முதல் 1989 வரை தில்லியில் தம் நாட்டின் தூதராக இருந்தவர். நய் தாஹு என்னும் மாவோரிக் குடியினர்க்கு அம்மலை வெறுங் கல்லன்று. விண்தந்தையின் மகனான அவோராக்கி, உடன்பிறந்தாரோடு வந்த படகு தட்டிக் கவிழ, கல்லாய்ச் சமைந்த மூதாதை. கவிழ்ந்த அப்படகே தென் தீவு என்பது அவர்கள் கதை. 1998-இல் அக்குடியினரோடு செய்துகொண்ட சட்ட உடன்பாட்டின்படி, ஆங்கிலப் பெயரோடு அவோராக்கி என்ற பெயரும் அரசு முறையில் மீண்டும் வழங்கலாயிற்று. ஏறுவோர் மூதாதையின் தலையாகிய உச்சியில் கால் வைக்காமல் சற்றுக் கீழேயே நின்றுவிட வேண்டும் என்று அவர்கள் வேண்டுகின்றனர்.

அம்மலையடியில் மகள் ஒரு வழவழப்பான கூழாங்கல்லை எடுத்துக்கொள்ள விரும்பினாள். தேசியப் பூங்காவின் கல்லும் செடியும் இறகும் அங்கேயே இருக்க வேண்டியவை என்று கூறினோம். கையில் சிறிது நேரம் வைத்திருந்துவிட்டுத் திரும்ப வைத்தாள். வேண்டாததைக் கொண்டு வராதே, குப்பையை விட்டுச் செல்லாதே, கொடுக்காததை எடுக்காதே: கூடாரத்தார்க்கு அந்நாடு விதிப்பவை இம்மூன்றே. பிறர் மண்ணில் பிழைக்க வந்த நம் போன்றோர் நாள்தோறும் நினைக்கத்தக்க மூன்றும் இவையே அன்றோ? தகரப் பெட்டியும் படுக்கைச் சுருளுமாகக் கிராண்டு டிரங்க் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிய நம் முன்னோர் இந்த ஒழுக்கத்தால்தான் அயலாரின் நன்மதிப்பைப் பெற்றனர்.

நமக்கும் அந்நாட்டுக்கும் ஒரு பழந்தொடர்பு உண்டு என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1836-ஆம் ஆண்டளவில் வில்லியம் கொலன்சோ என்னும் பாதிரியார், வட தீவில் மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் கிழங்கு வேகவைப்பதைக் கண்டார். அது பாத்திரமன்று, விளிம்பு உடைந்த ஒரு கப்பல் மணி. அதன்மேல் பழந்தமிழ் எழுத்துகள். முகைதீன் வக்குசு என்பாருடைய கப்பலின் மணி என்று அவை கூறுகின்றன. இன்று அது வெலிங்டன் நகரத்துத் தே பாப்பா அருங்காட்சியகத்துக்கு உரியதாக உள்ளது. கடலோடி ஒருவரின் மணி அயலார் அடுப்பில் ஏறி அவர்கள் பசியாற்றியது என்று சொன்னபோது, தாயார், "நல்ல எடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கு" என்றார்.

முதியோரை அழைத்துச் செல்லலாமா என்ற கேள்விக்கு இப்போது விடை கூறலாம். மருத்துவரைக் கேட்டு, மருந்துகளைச் சீட்டோடு எடுத்துக்கொண்டு, பயணக் காப்புறுதி செய்துகொண்டு, கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். தடித்த படுக்கை ஒன்றும், எழுந்து நிற்கத்தக்க உயரமுள்ள கூடாரமும், மடக்கு நாற்காலி ஒன்றும் அவர்களுக்கு வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்துங்கள். அவசர உதவிக்கு அந்நாட்டுத் தொலைபேசி எண் 111 என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். இவற்றினும் முதன்மையானது ஒன்று உண்டு. பாட்டியையோ தாத்தாவையோ நாற்காலியில் அமர்த்தி வேடிக்கை பார்க்க வைத்துவிடாதீர்கள். சுத்தியலை அவர்கள் கையிலும் கொடுங்கள்.

அயல்நாடு செல்லும் வசதி எல்லார்க்கும் வாய்ப்பதன்று. கூடாரத்துக்கு அது தேவையுமன்று. நம் ஊர் மலையடிவாரத்தில், உரிய அனுமதியோடு இரண்டு இரவு தங்கினாலும் போதும். வீட்டின் கதவும் சுவரும் இல்லாதபோது, உள்ளே யார் யார் இருக்கிறோம் என்பது நன்றாகத் தெரிகிறது. அவ்வாறு சென்று வந்த அன்பர்கள் தம் பட்டறிவை எழுதியனுப்பினால், அடுத்தடுத்த திங்களில் இப்பகுதியில் மகிழ்ந்து வெளியிடுவோம்.